சோபாவுக்குள் ஐந்து மோதிரங்கள்

அந்தத் தெருவில் சோபாக்காரம்மா என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்தவர் உட்கார்ந்து நசுக்கியதைப் பிரித்துத் தைப்பதுதான் இருபது வருடப் பிழைப்பு. பிரிக்கும்போது சீப்பு கிடைக்கும், சாவி கிடைக்கும், ஒருமுறை பல்செட்டே கிடைத்தது. எதுவானாலும் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

மருந்துக்கடைக்காரர் வெளியூர் போயிருந்த வாரத்தில் அவருடைய அம்மா பழைய சோபாவை ரிப்பேருக்கு அனுப்பினார். அடித்துணியைக் கிழித்தபோது, ஸ்பிரிங்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டிய ஒரு துணிப்பை கையில் தட்டுப்பட்டது. அவிழ்த்தாள். பெண்கள் போடும் மோதிரங்கள், ஐந்து. ஐந்தும் ஐந்து அளவு. ஒன்றில் நீளமான முடி ஒன்று சிக்கியிருந்தது.

"பேசாம நாமளே வச்சுக்கலாம். கண்டெடுத்தவ நீ," என்றான் கணவன்.

"ரிப்பேருக்குத்தான குடுத்தாங்க, வித்துட்டா போனாங்க? சோபா யாருதோ, உள்ள இருக்கறதும் அவங்களுதுதான்."

அந்த அம்மாவுக்குப் போன் போட்டாள். எடுத்தது மகன். அன்று காலைதான் ஊர் திரும்பியிருந்தார்.

"சார், சோபாவுக்குள்ள ஒண்ணு கிடைச்சுது..."

"அது எங்களுது இல்ல. நீங்களே வச்சுக்குங்க."

"என்னன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே சார்."

அவர் போனை வைத்துவிட்டார்.

கால் மணி நேரத்தில் பட்டறைக்குள் வந்து நின்றார். கணவன் டீ வாங்கப் போயிருந்தான். எப்போதும்போல அதே தணிந்த குரல், அதே சிரிப்பு.

"யாருகிட்டயாவது காட்டினீங்களாம்மா?"

இல்லை என்று தலையாட்டினாள். அவர் ஒரு தாளை நீட்டினார். ஐந்து மோதிரமும் அவளுக்கே சொந்தம், வெகுநாளாக அவளிடமே இருப்பவை என்று எழுதியிருந்தது.

"ஒரு கையெழுத்து போதும்."

பேனாவை வாங்கிவிட்டாள். அப்போதுதான் உறைத்தது. என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டால், எப்படி வந்தது என்று நாளைக்கு எவன் கேட்டாலும் தலையைக் கொடுக்க வேண்டியது அவள்தான்.

"கண்ணாடி உள்ள இருக்கு சார், எடுத்துட்டு வந்துடறேன்."

இடுப்பில் செருகிய பையோடு பின்வாசல் வழியாக வெளியேறினாள். போலீஸ் ஸ்டேஷன்வரை ஓட்டமும் நடையும்தான். அங்கே ரைட்டரிடம் பையை ஒப்படைத்து, நடந்ததைச் சொல்லி ரசீது வாங்கிக்கொண்டாள்.

போலீஸ் தகவல் சொல்லி, மூன்றாம் நாள் ஒரு தகப்பன் ஸ்டேஷனுக்கு வந்தார். மூன்று வருடத்துக்கு முன் காணாமல்போன மகளின் போட்டோவைக் காட்டி, ஒரு மோதிரத்தை அடையாளம் சொன்னார். அன்று மாலையே மருந்துக்கடைக்காரரைப் பிடித்துவிட்டார்கள். அவருடைய அம்மா சோபாவைத் திரும்பக் கேட்கவே இல்லை.

"மத்த நாலுக்கு யாருமே வரலம்மா," என்றார் ரைட்டர். "கேஸ் முடிஞ்சும் வரலைன்னா, கண்டெடுத்தவங்கன்னு நீங்க மனு போடலாம்."

"எனக்கு எதுக்குய்யா? அது யாருதுன்னு அந்த ஆளைக் கேளுங்க."

"கேட்டுட்டுத்தான் இருக்கோம். வாயே திறக்க மாட்டேங்கறான்."

மாதாமாதம் போய் அவள் விசாரிக்கிறாள். நாலும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.