கலவன் எடுக்கும் வேலை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் ஒரு விதைக் கம்பெனியில் பீல்டு சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். முதல் நாளே மேனேஜர் என்னை ஒரு கம்பு வயலுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இதுல எது வேற மாதிரி இருக்குதோ அதைப் புடுங்கோணும். அவ்வளவுதான் வேலை."

விவசாயப் பட்டயப் படிப்பு முடித்துவிட்டு வந்தவனுக்கு இதுதான் வேலையா என்று எரிச்சலாக இருந்தது. எரிச்சல் இன்றைக்கும் போகவில்லை. காரணம் மட்டும் மாறிவிட்டது.

விதைக்காகப் போடும் வயலில், ரகத்தோடு ஒத்துவராத செடிக்குக் கலவன் என்று பெயர். ஆபீசில் ஆஃப் டைப் என்பார்கள். உயரம் கூடினால் கலவன். முந்திப் பூத்தால் கலவன். கதிரில் மீசை போல முள்மயிர் நீட்டிக்கொண்டிருந்தால் கலவன். மகரந்தம் உதிர்வதற்குள் வேரோடு எடுத்துவிட வேண்டும். விட்டால் பக்கத்துக் கதிர்களின் விதையும் கெட்டுவிடும். வாங்குகிற விவசாயிக்கு வயல் ஒரே சீராக விளைய வேண்டும் அல்லவா, அதற்காக. வேலையில் தப்பில்லை. நான் சண்டை போட்டது வேறொன்றுக்கு.

மாரப்பன் தோட்டம்

அந்தியூர்ப் பக்கம் மாரப்பன் என்பவரின் தோட்டத்தில் எங்கள் வீரிய ஒட்டுக் கம்பின் விதை வயல் இருந்தது. மூன்றாவது வருஷம் அங்கே அடிச்சாம்பல் நோய் விழுந்தது. இலை வெளுத்து, அடிப்பக்கம் மாவு பூத்தது போல ஆகும். கதிர் வரவேண்டிய இடத்தில் மணி வராது, பச்சை இலைக் கொத்தாக வரும். மாரப்பன் வீட்டுக்குச் சோறும் மாட்டுக்குத் தீவனத் தட்டும் கம்பிலிருந்துதான். நோயின் வித்து மண்ணில் இறங்கிவிட்டால் பல வருஷம் கிடக்கும். கம்பை விட்டால் அந்த மானாவாரி மண்ணில் வேறெதுவும் அவருக்குக் கை கொடுத்ததில்லை.

வயலைப் பார்த்து விதைக்குச் சான்று கொடுக்கும் ஆபீசர் மறுநாள் வருவதாக இருந்தது. அதற்குள் நோய்ச் செடிகளையும் கலவன்களையும் எடுத்து வயலைச் சுத்தம் செய்ய மேனேஜரே நேரில் வந்துவிட்டார்.

நோய் மோசமாக இருந்த மேற்கு மூலையில் ஏழெட்டுச் செடிகள் மட்டும் தெளிவாக நின்றன. நெட்டையாக, அப்போதுதான் வெளியே வந்த கதிரில் மீசையோடு. எந்த வருஷமோ பக்கத்து நிலத்து நாட்டுக்கம்பின் மகரந்தம் காற்றில் வந்து கலந்திருக்க வேண்டும். சுற்றிலும் எல்லாம் வெளுத்துக் கிடக்க, அவற்றின் இலையில் ஒரு புள்ளி இல்லை.

கூலிக்கு வந்த பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த ராசாமணியம்மா அவற்றின் முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், நோவு வந்தாலும் புடுங்கச் சொல்றீங்க, வராட்டியும் புடுங்கச் சொல்றீங்க. எப்படி இருந்தா உடுவீங்க?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேனேஜரிடம் போனேன்.

"சார், இந்தக் கதிருக்குப் பை கட்டிரலாங்க. மகரந்தம் வெளிய போகாது. இந்த வெதை நமக்கு வேணுங்க சார்."

"நாளைக்கு ஆபீசர் வந்து பையைப் பாத்து என்னன்னு கேப்பாரு. கலவனை வளத்தறோம்னு சொல்லுவியா?"

"நோய் தாங்கி நிக்குதுங்க."

"கலவன்னா கலவன்தான்ப்பா. ஒடம்பு நல்லா இருக்குதான்னு பாக்க நாம டாக்டரா? கம்பெனி விக்கறது இந்த ரகம். புது ரகம் கண்டுபுடிக்கறதுக்கு உனக்குச் சம்பளம் இல்ல."

அவர் பயிர் இனப்பெருக்கத்தில் பட்டம் வாங்கியவர். நான் சொன்னது அவருக்கு நன்றாகவே புரிந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். நான் விடாமல் பேசவே, அவரே குனிந்து முதல் செடியைப் பிடுங்கிப் போட்டார்.

மாரப்பன் மண்வெட்டியோடு ஓடி வந்தார். "ஒண்ணே ஒண்ணு உடுங்க. மண்ணோட பேத்து மாட்டுச்சாளையோரம் வெச்சுக்கறனுங்க. உங்க வயலுக்குள்ள இருக்காதுங்க."

"கொண்டு போங்க. கதிர் வந்த செடி எங்க பொழைக்கப் போகுது" என்றார் மேனேஜர்.

பிழைக்கவில்லை. நான் அடுத்த முறை போனபோது மாட்டுக் கொட்டகையோரம் அது காய்ந்து நின்றது. கதிரைத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு மணி இல்லை. வயலில் பிடுங்கியவை, நோய்ச் செடியும் நோயில்லாத செடியும், ஒரே குவியலாகக் கிடந்து மக்கிக்கொண்டிருந்தன.

அப்புறம்

சான்றில் வயல் தேறியது. விதை விற்றது. அடுத்த வருஷமே பல ஊர்களிலிருந்து மணியில்லாமல் இலைக் கொத்தாகிப்போன பச்சைக் கதிர்களைப் பிடுங்கிக் கொண்டுவந்து எங்கள் ஆபீஸ் மேசையில் போட்டார்கள். எல்லா வயலிலும் ஒரே செடி. ஆகவே எல்லா வயலிலும் ஒரே சாவு. கம்பெனி அந்த ரகத்தை நிறுத்திவிட்டு என்னைத் தக்காளி விதைக்கு மாற்றியது. மாரப்பன் இன்னொரு முறை கம்பு விதைத்துப் பார்த்தார். தட்டுக்குக்கூடத் தேறவில்லை. மாட்டை விற்றுவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். கடைசியாகப் பார்த்தபோது ஒன்றுதான் கேட்டார்.

"அன்னைக்கு அந்தப் பையைக் கட்டியிருந்தா இந்நேரம் வெதை இருந்திருக்குமில்லீங்க?"

இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்திருக்கலாம் என்றேன்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எந்த உயிரும் ஆபத்தைப் பார்த்து, இனிமேல் இப்படி மாறிக்கொள்கிறேன் என்று முடிவெடுப்பதில்லை. ஆபத்து வருவதற்கு முன்பே கூட்டத்தில் ஒன்றிரண்டு வேறாக நிற்க வேண்டும். அந்த வேற்றுமை விதைக்குள் இறங்க வேண்டும். மற்றவை சாகும்போது அவை மிஞ்ச வேண்டும். மாறும் திறன் என்பது இவ்வளவுதான். முதல் படியிலேயே கையை வைத்துப் பிடுங்கிவிட்டால் மிச்சம் எதுவும் நடக்காது.

விற்கிற வயலில் கலவனை எடுங்கள். ஆனால் நோய்க்கு நடுவில் தெளிவாக நிற்கும் செடியைப் பார்த்தால் முதலில் ஒரு பையைக் கட்டுங்கள். மேனேஜரிடம் அப்புறம் கேளுங்கள்.

அந்த நோயும் ஓர் உயிர்தான். மாரப்பன் மண்ணுக்குள் அதன் வித்துகள் கலப்பில் பிறந்து, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் கிடக்கின்றன. அவற்றில் கலவன் எடுக்க யாரும் ஆள் வைக்கவில்லை.