வேன் குரூப்பில் பதினைந்தாவது ஆள்

பிரேமலாவின் வேனில் நாங்கள் பதினான்கு பெண்கள். பெர்மாஸ் ஜெயாவில் ஏறி, பாசீர் கூடாங் தொழிற்சாலையில் இறங்குவோம். ஓட்டும்போது அவள் போனைத் தொடமாட்டாள். அதனால் ஏறியவர்கள் அடுத்த ஸ்டாப்பில் நிற்பவர்களுக்காக, ஸ்டாப் பெயரோடு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவோம்: "வேன் கிளம்பிருச்சு, ரெடியா நில்லுங்க." அந்தக் குரூப்பில் அவள் இல்லை.

முன்பு வேனை ஓட்டியவன் அவள் கணவன் குணாளன். குடியும் சந்தேகமுமாக எட்டு வருடம் அவளை வதைத்தான். விவாகரத்து வாங்கியதும் லைசென்ஸ் எடுத்து, ஸ்டீயரிங்கை அவளே பிடித்தாள். சும்மா சொல்லக்கூடாது, அவனைவிட நன்றாகவே ஓட்டினாள்.

ஆறு மாதம் கழித்து அவன் ஸ்டாப்பில் நிற்க ஆரம்பித்தான். பேசமாட்டான். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தையும் மல்லிகைச் சரத்தையும் வேன் கண்ணாடியில் வைத்துவிட்டு, அவளையே பார்த்துக்கொண்டு நிற்பான். ஆள் திருந்திவிட்டான் என்று எங்களுக்கெல்லாம் ஒரே பூரிப்பு. "மாப்பிள்ளை வந்தாச்சு, இன்னிக்கு மல்லி" என்று குரூப்பில் கிண்டல் பறக்கும். அவளோ கதவைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கவே மாட்டாள். மூன்று முறை ரூட்டை மாற்றினாள். மூன்று முறையும் அவன் முன்னாலேயே வந்து நின்றான்.

"எப்படித்தான் தெரியுதோ" என்றாள் ஒருநாள்.

"பாசம் இருந்தா தெரியும்லா" என்றாள் என் பக்கத்து சீட் வெள்ளையம்மா. நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

போன மார்ச்சில் ஒரு காலை, நான் ஏறியதும் அவள் சொன்னாள்: "இந்த மாசத்தோட வேனை விட்டுறேன் மலரக்கா. ரெங்கத்துல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"நேத்து என் வீட்டு கேட்ல பூ தொங்குச்சு. வீடு மாறுனது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்குப் பயமா இருக்கு."

போன வாரம் குரூப்பில் எழுதியவள் நான்தான்: "இனி மார்க்கெட்டுக்குப் பின்னால, பிரேமலாவோட புது ஃபிளாட் கீழேயே நான் ஏறிக்கிறேன்." குரூப்பைத் திறந்து எண்ணினேன். பதினைந்து பேர். அதை ஆரம்பித்தவனே குணாளன். வேன் கைமாறியபோது, விலகச் சொன்னால் மனசு நோகுமே என்று நாங்கள் யாரும் அவனிடம் சொல்லவில்லை; பிறகு அது எங்களுக்கு உறைக்கவும் இல்லை. எங்கள் கிண்டலுக்கு அவன் சிரிப்புப் படம்கூடப் போட்டிருந்தான்.

மறைக்க மனம் வரவில்லை. வேனிலேயே எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டேன். பிரேமலா ஓரமாக வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். "தினமும் நீங்களே சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

வெள்ளையம்மா அழுதுகொண்டே, "எல்லாத்தையும் அழிச்சிறேன்" என்று போனை எடுத்தாள்.

"அழிக்காதீங்க" என்றேன். "எந்தத் தேதி, எந்த ஸ்டாப், எத்தன மணி, எல்லாம் அதுலதான் இருக்கு. நம்ம வாயே சாட்சி சொல்லட்டும்."

அன்று ஷிப்ட் முடிந்ததும் ஆறு பேர் அவளோடு போலீஸ் நிலையம் போனோம். பிரேமலா தயங்கித் தயங்கி மலாயில் சொன்னாள்: அவன் இப்போது அடிப்பதில்லை, பூதான் வைக்கிறான், இது புகாராகுமா? சார்ஜென்ட் அம்மா எங்கள் கிண்டல்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அவன் வந்து நின்றது முப்பத்தேழு நாள். பயம் வரும்படி திரும்பத் திரும்பப் பின்தொடர்வது குற்றம், இரண்டு தடவையே போதும், மாஜி கணவன் செய்தால் அது குடும்ப வன்முறை வழக்காகவும் போகும் என்றார். பூவும் கணக்கில் சேருமாம். வெள்ளையம்மா வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நலத்துறை அதிகாரி கூட இருந்து மனு எழுத உதவினார். விசாரணை முடியும்வரை அவன் அவளையோ, வீட்டையோ, வேனையோ நெருங்கக்கூடாது என்று கோர்ட்டு உத்தரவு போட்டது. புது குரூப்பும் ஆரம்பித்தோம். அதில் பதினைந்தாவது ஆள் பிரேமலா.

ரெங்கம் பேச்சு அதோடு நின்றது. திங்கட்கிழமை வேன் பழைய ரூட்டிலேயே வந்தது. மூன்றாவது ஸ்டாப்பில் நாசி லெமாக் கடைக்கு முன்னால் இன்ஜினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கினாள். தானே ஒரு பொட்டலம் வாங்கி, ரோட்டோரம் நின்றபடி பிரித்தாள்.

"லேட்டாகுதுலா" என்றேன்.

"இருங்கக்கா" என்றாள், வாய் நிறையச் சோறோடு. "சாப்பிட்டுட்டுப் போலாம்."