பூட்டிய கேட்டுக்கு வெளியே மல்லிகா அக்கா

டெல்லி கிட்வாய் நகரிலிருந்து சாந்தி போன் செய்தபோது கோர்ட் கேன்டீனில் இருந்தேன். "சார், மல்லிகா அக்கா தவறிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆட்டோ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு." இருவரும் அங்கே வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர்கள். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். சுற்றிலும் கறுப்புக் கோட்டுகள். என் உடம்பிலும் ஒன்று. கூசியது.

மல்லிகா அக்கா கையால் சாப்பிட்ட கிட்வாய் நகர்க்காரர்களே, உங்களில் பலருக்கு அவருடைய வழக்கைப் பற்றித் தெரிந்திருக்காது. பிரிந்துபோன கணவர், நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஊரின் மறுகோடியான நரேலாவில், இந்தி பேசும் தன் வீட்டாரிடம் போய்விட்டார். மகளைப் பார்க்க அனுமதி கேட்டு அக்கா போட்ட மனுவுக்கு நான்தான் வக்கீல். சில மாதங்களில் முடிந்திருக்க வேண்டியது. கொரோனாவில் கோர்ட்டை மூடினார்கள். பிறகு வீடியோ விசாரணை என்றார்கள். அவருடைய போனில் நீதிபதியின் முகம் அசையாமல் நிற்கும், குரல் வராது. திறந்தபின் கோடை விடுமுறை, வக்கீல்களின் வேலைநிறுத்தம், நீதிபதி மாற்றம். புதுத் தேதி சொல்லப் போன ஒருநாள் கேட்டார்: "கோர்ட்டுக்கு லீவு விட்டுடுறீங்க சார். புள்ள வளர்றதுக்கு யாரு லீவு விடுறது?"

வருடங்கள் கழித்து, கடைசியில் உத்தரவு வந்தது. மாதம் இருமுறை, கோர்ட்டுக்குள் அதற்கென்று உள்ள அறையில் பார்க்கலாம். முதல் சந்திப்பில் மகள் அவரை "ஆன்ட்டி" என்றாள். தமிழ் அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அக்கா சிரித்தபடி, "போலோ பேட்டா", பேசு கண்ணு, என்று இந்தியிலேயே பேசினார். வெளியே வந்ததும், "பரவால்ல சார், பல்லு அப்படியே எங்கம்மாவுது" என்றார்.

அடுத்த சந்திப்பன்று எங்கள் வக்கீல் சங்கம் திடீரென வேலைநிறுத்தம் அறிவித்துக் கேட்டைப் பூட்டியது. ஒரு குழந்தை வருகிறது, அந்த அறையை மட்டுமாவது திறக்கவிடுங்கள் என்று கெஞ்சினேன். "ஒரு நாள்தானே நண்பா" என்று இந்தியில் சொல்லித் தோளைத் தட்டினார் ஒரு சீனியர். கம்பிகளுக்கு வெளியே அக்கா நின்றிருந்தார். கணவர் மகளோடு பைக்கில் வந்தார், பூட்டைப் பார்த்தார், வண்டியைத் திருப்பினார். கூப்பிடு தூரம்தான். அக்கா அசையவில்லை.

"ஏன்க்கா கூப்பிடல?"

"உள்ள வச்சுத்தான் பாக்கணும்னு ஆர்டர்ல இருக்கே சார். வெளில பேசினா கோர்ட்டை மதிக்கலன்னு ஆயிடாது?"

அதற்கடுத்த சந்திப்புக்கு முன்பே போய்விட்டார்.

போன வாரம் கோர்ட் திறந்திருந்தது. மனுதாரர் காலமாகிவிட்டார் என்று எழுந்து சொன்னேன். வழக்கு முடிக்கப்பட்டது என்றார் நீதிபதி. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, மகள் போவதைப் பார்த்துக்கொண்டே அவர் கோர்ட்டுக்காரர்களான எங்களுக்குக் கொடுத்த அந்த மரியாதை. அதை வாங்கிக்கொள்ள எங்களில் ஒருவருக்கும் தகுதி இருக்கவில்லை.