பிறசர் இறங்கும்வரை பல் பிடுங்க ஏலாது

பல்லுக்கொதி உள்ளவனுக்கு ஒருவரும் புத்தி சொல்ல வரக்கூடாது. சொல்ல வந்தவர்கள் எல்லோரும் அந்த மாதம் எனக்கு எதிரிகள்தான். இடப்பக்கக் கீழ்க் கடைவாய்க் கொடுப்புப் பல் பாதி உடைந்து, மீதி அழுகி, கன்னச் சொக்கை வீங்கி ஒரு கண்ணை மூடியிருந்தது. பல் டொக்டர் எங்கள் நெடுந்தீவுக்கு வரும் நாள்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. விடியற்காலையில் படகு ஏறி, குறிகட்டுவான் துறையில் இறங்கி, பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்று கடல் நல்ல குணத்தில் இல்லை. ஒவ்வொரு அலைக்கும் படகு தூக்கிப் போட, பல் என் காதுக்குள் போய்த் திரும்பி வந்தது.

துறையில் இறங்கியதும் ஒரு சுருட்டுப் புகைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இன்னொன்று. ஊசிக்குப் பயம், அதற்காகத்தான். பயத்தை மறைக்கிற வயதெல்லாம் எனக்குப் போய்விட்டது.

பல்லைப் பார்க்கமுன் பிறசர், அதுதான் இரத்த அழுத்தம், பார்க்க வேண்டுமாம். ஒரு நேர்ஸ் பிள்ளை கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தது. மீண்டும் அடித்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது.

"ஐயா, பிறசர் நல்லாக் கூட. இதோட பல்லுப் பிடுங்க ஏலாது."

"பல்லுக்கொதியில கூடினது, பிள்ளை. பல்லைப் பிடுங்கிவிட்டால் தானா இறங்கும்."

"சுருட்டுப் பத்திறனீங்களோ?"

என் சட்டையை முகர்ந்தால் மாட்டுக்கே தெரியும். பிறகென்ன கேள்வி? ஓம் என்றேன். அந்தப் பிள்ளை பாடம் எடுக்கத் தொடங்கியது. புகையிலைக்குள் நிக்கொட்டின் என்று ஒன்று இருக்கிறதாம். அது இரத்தத்தில் சேர்ந்ததும் குழாய்கள் இறுகிப்போகுமாம், நெஞ்சு ஓடத் தொடங்குமாம், பிறசர் ஏறுமாம். இரண்டு சுருட்டுப் புகைத்துவிட்டு வந்து கையை நீட்டினால் வேறென்ன வரும் என்று கேட்டது. சுருட்டுப் புகைத்தால்தான் என் மனம் இறங்கும், மனம் இறங்கினால் பிறசரும் இறங்கத்தானே வேண்டும் என்று நான் வாதாடினேன்.

"மனம் இறங்கும் ஐயா. பிறசர் ஏறும்."

வீக்கத்துக்குக் குளிசை தந்து, சுருட்டை விட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். வந்த பல் வந்தபடியே படகேறி வீட்டுக்குப் போனது.

விட்டேன். நம்பாதவர்கள் நம்பவேண்டாம். சுருட்டுக் கட்டை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு, அந்தக் கோபத்தை எதிரே வந்த எல்லோர் மேலும் இறக்கினேன். நாங்கள் பிறக்கமுன்னமே கல்வேலியில் கிடந்த ஒரு கல்லைப் பக்கத்து வீட்டுக்காரன் நகர்த்திவிட்டான் என்று அவனோடு சண்டை பிடித்தேன். மாடுகளைத் தண்ணீருக்கு ஓட்டிச் சாய்க்கும்போது அவற்றின் தாயையும் தகப்பனையும் இழுத்து ஏசினேன். என் மனைவி மூன்றாம் நாளே சொன்னாள்: "இஞ்சேரப்பா, சுருட்டைப் பத்துங்கோ. மாடுகள் பாவம்."

குளிசை முடிந்தது. பல்லுக்கொதி திரும்பி வந்தது. அவளால் என் முனகலைப் பொறுக்க ஏலாமல், தன் வெற்றிலைத் தட்டத்திலிருந்து புகையிலையில் ஒரு துண்டு கிள்ளி உருட்டி, பல்லோடு சேர்த்துக் கொடுப்பில் வைத்துவிட்டாள். எங்கள் தீவில் பல்லுக்கொதிக்கு எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். கொஞ்ச நேரத்தில் பல் விறைத்துப்போனது. அன்றிலிருந்து எழும்பினால் ஒரு உருண்டை, சாப்பிட்டால் ஒரு உருண்டை. நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. இதையும் சுருட்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று எங்கள் இருவருடைய மண்டையிலும் ஏறவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவளையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே பிள்ளை, அதே பட்டி. பிறசரும் அதே இடத்தில்தான் நின்றது.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். உங்கள் மிசினைக் கொண்டுபோய்க் கடலில் போடுங்கள், ஒரு மனிதன் இருந்த ஒரேயொரு சந்தோசத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறான், இன்னும் என்ன வேண்டும் என்று கத்தினேன். வரிசையில் இருந்த சனம் முழுக்கத் தங்கள் நோய் வருத்தத்தை மறந்து என்னைப் பார்த்தது. என் மனைவி முன்னே வந்தாள்.

"இவர் ஒண்டும் பத்தேல்லை, பிள்ளை. நான் கோயில்ல வந்தும் சத்தியம் பண்ணுவன்."

சொல்லிவிட்டு வெளியே போய் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து, மிச்சச் சத்தியத்தையும் செய்தாள்.

நேர்ஸ் பிள்ளை அவளுடைய சிவந்த வாயைப் பார்த்தது. பிறகு என் சொக்கையைப் பார்த்தது. வாயைத் திறக்கச் சொல்லி, இடுக்கியை விட்டு, கறுத்த உருண்டையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தது.

"இதென்ன ஐயா?"

"மருந்து."

"ஆர் தந்த மருந்து?"

நான் மனைவியைக் காட்டினேன். காட்டாமல் என்ன செய்ய?

"அப்ப ஐயா பொயிலையை விடேல்லை. இடம் மாத்தி வைச்சிருக்கிறார். பத்தினாலும் நிக்கொட்டின்தான், கொடுப்பில வைச்சாலும் நிக்கொட்டின்தான். வாயில கிடக்கும்வரைக்கும் ஊறி ஊறி இறங்கிக்கொண்டே இருக்கும்."

வாயைக் கொப்பளித்துவிட்டு, திரும்ப அளக்கும்வரை வெளியே நீள வாங்கில் போய் இருக்கச் சொன்னார்கள். நான் அங்கே போகமுன், பிள்ளை என் மனைவியின் பக்கம் திரும்பியது. "அம்மா, நீங்களும் வந்து இருங்கோ. கையைத் தாங்கோ." அவள் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை, தான் சாட்சிக்கு மட்டும் வந்தவள் என்றாள். பிள்ளை விடவில்லை. காற்றடித்துப் பார்த்தால், அவளுடையது என்னுடையதைவிட மேலே நின்றது. மிசின் பழுது என்றாள். நல்ல மிசின், பிழையில்லாத மிசின் என்று நான் சொன்னேன்.

மத்தியானம் தாண்டிய பிறகு திரும்ப அளந்தார்கள். எனக்கு இறங்கியிருந்தது. முழுக்க இல்லை, ஆனால் பிடுங்கலாம் என்று பல் டொக்டர் அம்மா சம்மதித்தார். ஊசி போட்டபோது நான் செய்த கூத்தை இங்கே எழுதப் போவதில்லை. பல் மூன்று துண்டாக வந்தது. பஞ்சை வைத்து இறுக்கிக் கடிக்கச் சொன்னார். வாயைத் திறக்கக்கூடாது, கதைக்கக்கூடாது, துப்பக்கூடாது. சுருட்டையோ புகையிலையோ வைத்தால் காயம் ஆறாது. காயம் ஆறினாலும் பிறசர் ஆறாது என்றார். எங்கள் இருவருக்கும் மாதாமாதம் வந்து பிறசர் காட்டக் கிளினிக் கொப்பி போட்டுத் தந்தார்கள். அவளுக்குப் பிறசர்க் குளிசையும் சேர்த்து.

திரும்பி வரும் படகில் அவள் பக்கத்தில் இருந்த சனத்துக்கெல்லாம் கதையைச் சொல்லத் தொடங்கினாள். தான் சுகமாக இருந்த மனிசியாம். இந்த மனிசனுடைய ஊத்தைப் பல்லைப் பார்த்துப் பார்த்துத்தான் தனக்கு இந்த வருத்தம் வந்ததாம். அந்த மாதம் முழுக்க நான் சேர்த்து வைத்திருந்த பேச்சுகள் அவ்வளவும் நாக்கு நுனியில் வந்து நின்றன. பஞ்சைக் கடித்துக்கொண்டு "ம்ம்" என்று ஒரு சத்தம் மட்டும்தான் போட முடிந்தது.

"பாத்தீங்களோ, அவரே ஓம் எண்டுறார்," என்றாள்.