மனைவியின் நேர்த்தியும் என் ஏப்பமும்

மகன் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது மனைவி கதிர்காமத்துக்கு நேர்த்திக்கடன் வைத்தாள். குச்சவெளியிலிருந்து கோயில் வாசல்வரை நடை. இடையில் எந்த வாகனத்திலும் ஏறுவதில்லை. மகன் எழும்பி வேலைக்கும் போய்விட்டான். அவளுக்குத்தான் ஒவ்வொரு வருடமும் ஏதாவது தடங்கல். இந்த வருடம் வடக்கிலிருந்து வந்த பாதயாத்திரைக் கூட்டத்தோடு ஒருவழியாகச் சேர்ந்தாள். நான் ஒருநாள் சாமி. சாம்பல்தீவுவரை நடந்து அவளை வழியனுப்பிவிட்டு, ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பி மின்விசிறியின் கீழ் படுப்பது என் திட்டம்.

யாத்திரையில் எல்லாரும் சாமிதான். என்னை அதுவரை யாரும் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்ட பக்கமெல்லாம் திரும்பினேன். கூப்பிட்டவர்கள் கையில் சாப்பாடு இருந்தது. வேலோடு வருகிறவர்கள் ஊர்ச்சனம் கொடுப்பதை மறுக்கக் கூடாது என்பது வழக்கம். பழகிய சாமிமார் ஒரு வாய் தின்றுவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டார்கள். நான் பக்தியில் குறை வைக்கவில்லை. அவித்த கடலை, மோர், பலாப்பழம், மோதகம், மறுபடியும் கடலை. நிலாவெளியில் பள்ளிவாசலடிக் கடைக்காரர் சர்பத் நீட்டினார். ஏலாது என்றால் மனம் நோவாரென்று இரண்டு குடித்தேன்.

நிலாவெளி தாண்டியதும் நெஞ்சு இறுகியது. இடது கை விறைத்தது. காலையிலிருந்து மனைவியின் பையைத் தூக்கிவந்தது அந்தக் கைதான் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. வந்தது என் மரண அறிவித்தல். அதில் போட நல்ல படம்கூட இல்லையே என்ற கவலை.

றோட்டோர மணலில் சாய்ந்தேன். ஒரு ஆட்டோ நின்றது. கூட வந்த சாமி ஒருவர், தானே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகவும் மனைவி வேலோடு நடக்கலாம் என்றும் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஓமென்று தலையாட்டியிருந்தால் போதும். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னைத் தனிய விட்டிட்டுப் போகாதேயும். நான் சாகப்போறன்."

அவள் என்னோடு ஆட்டோவில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டிக்கொண்டிருந்தபோதே அது வந்தது. ஏப்பம். பக்கத்துக் கட்டில்காரர் எழும்பி உட்கார்ந்தார். இறுக்கமும் அதோடு போய்விட்டது. என்ன சாப்பிட்டேன் என்று இளம் டொக்டர் விசாரித்தார். நான் சொல்லச் சொல்ல, பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"ஐயா, இது வாயு. இதயம் நல்லா இருக்கு."

நல்ல செய்தி கேட்டு அப்படிக் கூசியது அன்றுதான்.

வெளியே வந்ததும், ஏறின இடத்திலேயே கொண்டுபோய் விடுகிறேன், அங்கிருந்து நடக்கலாம், முருகன் இதையெல்லாம் பார்க்கமாட்டார் என்றேன்.

"அவர் பார்க்கமாட்டார்தான்," என்றாள். "நான் சொன்ன சொல்லு எனக்குத் தெரியுமெல்லே."

அடுத்த வருடம் என்று தொடங்கினேன். இந்த வருடமே முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டுதான் புறப்பட்டவள்.

மறுநாள் கூட்டம் எங்கள் றோட்டால் வந்தது. மனைவி விடியவே மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வாசல் படலையடியில் நின்றாள். வேலைத் தாங்கிவந்த பெரியவரின் காலைக் குனிந்து கழுவினாள். பிறகு பின்னால் வந்த ஒவ்வொருவருக்கும். முந்தினநாள் அவளோடு நடந்த பெண்ணொருத்தி, "வாங்கோவன் சாமி" என்றாள். மனைவி சிரித்தபடி அவள் காலில் தண்ணீரை ஊற்றினாள்.

எல்லாரும் என்னிடம் சுகம் கேட்டார்கள். குடத்தில் தண்ணீர் முடிந்திருந்தது. கிணற்றடிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தேன்.