மேசை முடிந்த மறுநாள்

இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததும் ஜோஸ்பின் திருபுவனையில் பார்த்த கம்பெனி வேலையை விட்டுவிட்டாள். பாகூர் வீட்டில் மாமனார் காலத்துத் தேக்கு மேசை ஒன்று பச்சை பெயிண்ட் உரிந்து கிடந்தது. மதியம் பிள்ளைகள் தூங்கும் அரை மணி நேரத்தில், தோட்டத்துப் பக்கம் அதைப் போட்டு உப்புத்தாளால் தேய்த்தாள். நான்கு மாதம் ஆயிற்று.

வார்னிஷ் காய்ந்த அன்று கணவன் அன்புராஜ் தடவிப் பார்த்தான். “புதுசாட்டம் கீது. இனிமே மதியத்துல நீயும் தூங்கு.”

மறுநாள் படுத்தாள், தூக்கம் வரவில்லை. மாலை அவன் வந்தபோது வீட்டு அலமாரியின் கதவு கழற்றப்பட்டுத் தோட்டத்தில் கிடந்தது, அதன்மேல் உப்புத்தாள்.

“இன்னாடி இது?”

“சோறாக்கறது, துணி தொவைக்கறது எல்லாம் நாளிக்கும் வரும். இது ஒண்ணுதாங்க செஞ்சா முடிஞ்சிபோற வேல.”

அன்புராஜ் உப்புத்தாளை எடுத்து அவளிடம் கொடுத்தான். பிறகு பிள்ளைகள் இருவரையும் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போனான்.