தும்மலுக்குப் பயந்த ஈஸ்வரபாண்டி

தேனி வத்தல் மண்டியில் இருபத்திரண்டு வருஷமாக மூட்டை தூக்கியவர் ஈஸ்வரபாண்டி. மிளகாய் வத்தல் மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி நடக்கிற ஆள். அவர் ஒரு தும்மலில் விழுந்தார் என்றால் யார் நம்புவார்கள்? போன சித்திரையில் மூட்டையோடு வரும்போது நெடி ஏறித் தும்மினார். இடுப்பில் சுளீரென்றது. வலது கால் மூன்று நாள் மரத்துக் கிடந்தது.

"டிஸ்க் விலகியிருக்கு. இன்னொரு தடவை இப்படி ஆனா கால் வராமலே போகலாம்" என்றார் டாக்டர். அன்றைக்குப் பிடித்தது பயம். மூட்டைக்குப் பயந்தாலாவது அர்த்தமுண்டு. மனுஷன் தும்மலுக்குப் பயந்தார். மூக்கு அரித்தால் கையால் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். மனைவி அய்யம்மாள் ரசத்துக்கு மிளகு தட்டுவதையே நிறுத்திவிட்டாள்.

பழனிசெட்டிபட்டியில் பிசியோதெரபி பார்க்கும் ஜெபஷீலா, "வயித்துத் தசை பலமா இருந்தா இடுப்பை அது தாங்கிக்கிரும்ணே" என்று பயிற்சி சொல்லிக்கொடுத்தார். ஜன்னல் கம்பியில் கட்டிய பழைய சைக்கிள் ட்யூபை நெஞ்சுக்கு நேராக இழுத்துப் பிடிக்க வேண்டும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இரண்டு கிலோ மணல் பையை அடிவயிற்றில் வைத்து, பத்து எண்ணும்வரை வயிற்றை இறுக்க வேண்டும். இரண்டு மாதம் ஒரு நாள் விடவில்லை. அத்தனையும் பயத்தில் செய்தது.

ஒரு நாள் காலையில் மணல் பை கிழிந்துபோனது. சாக்கோடு பழகிய கை வேறு எதைத் தேடும்? மூலையில் கிடந்த வத்தல் சாக்கை வெட்டி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பை தைத்தார். படுக்கும்போது துண்டை அவிழ்த்துவிட்டார், புத்திசாலி. வயிற்றை இறுக்கியதும் தூசி எழுந்தது. பொத்தக் கை போவதற்குள் தும்மல் வந்துவிட்டது. வரிசையாக நான்கு.

அய்யம்மாள் ஓடிவந்து பார்த்தால், கண்ணை இறுக மூடி, வேர்த்து ஊற்றக் கிடக்கிறார்.

"ஏங்க, இடுப்பு வலிக்குதா?"

"வலிக்கல. அதுதேன் பயமாருக்கு. மரத்துப்போச்சோ என்னமோ."

"காலை அசைச்சுப் பாருங்க."

"ஆத்தாடி, மாட்டேன். கால் போயிரும்னு டாக்டர் சொன்னாகள்ல."

அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, வலது கால் கட்டைவிரலை நறுக்கென்று கிள்ளினாள். கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"வலிச்சுச்சா?"

"வலிச்சுச்சு" என்றார். மூடிய கண்ணிலிருந்து கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. "இன்னொரு தடவ கிள்ளு."